நிறுத்தி வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் நான்கு சோதனைகள்

கெடா, குருண் வட்டாரத்திற்கு வாகனத் தொழில் புதிதல்ல. மோடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இங்குதான் உள்ளது; பெஜோ கார்களும் இங்கு பொருத்தப்பட்டுள்ளன. அன்றாட வேலைக்கு மோட்டார் சைக்கிளோ சிறிய காரோ வைத்துக்கொண்டு, 1998-இல் வெளிவந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசைக்காகப் பாதுகாப்பவர்கள் உண்டு.

இத்தகைய கார்கள் பெருநாளுக்கோ கல்யாணத்திற்கோதான் வெளியே வரும். அன்று பார்த்து சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டுமே வரும். பலரும் உடனே புதிய பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தால், சில வாரங்களில் புதியதும் இறங்கிவிடும். பேட்டரி, ஆல்டர்னேட்டர், மின் இழப்பு ஆகிய மூன்றில் குற்றவாளி எது என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரே சொல்லிவிடும்.

1. கார் நிற்கும்போது

ஓர் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரின் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி காலி. அப்படியே பல நாள் விட்டால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது. நம் நாட்டு வெப்பம் பேட்டரியின் ஆயுளை மேலும் குறைக்கும்.

எம்எக்ஸ்-5 காரின் முதல் இரு தலைமுறைகளில் பேட்டரி பின் பூட்டில் இருக்கும். பூட்டு மின்சாரத்தால் திறக்கும் கார்களில், பேட்டரி இறந்தால் அதைத் திறக்கும் மாற்று வழியைக் கையேட்டில் முன்பே பார்த்து வைப்பது நல்லது.

2. ஸ்டார்ட் செய்யும்போது

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தபின் சாவியைத் திருப்பி அளக்க வேண்டும். வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமானது. விழாமல் இருந்தும் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பாடியோடு இணையும் எர்த் கேபிளையும் பார்க்க வேண்டும்.

3. இன்ஜின் ஓடும்போது

பெரும்பாலான பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.6-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் அல்லது வயரிங் பழுது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரி கொதித்து வீணாகும். சாவியை ‘ஆன்’ செய்ததும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சில பழைய கார்களில் அந்தச் சிறு பல்பு எரிந்துபோனாலே ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாது.

4. எல்லாம் அணைந்த பிறகு

அடிக்கடி ஓடாத காரில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். கதவுகளை மூடி, ஸ்மார்ட் சாவியைத் தூர வைத்து, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இந்நிலையில் காரை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதுவும் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி தின்னும். 45 ஆம்பியர் மணி பேட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். பூட்டில் அணையாத 5 வாட் பல்பு ஒன்று இருந்தாலோ நான்கைந்து நாளில் காலி.

அளவு அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த வழியில்தான். பின்னாளில் பொருத்திய அலாரம், ரேடியோ, டேஷ்கேம் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். எந்தப் பியூஸும் பிடிபடவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடும் காரணமாகலாம்.

செய்யக் கூடாதவை

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றும் பழைய பழக்கம் ஆபத்தானது. வோல்ட் திடீரென எகிறி இன்ஜின் கணினியே எரிந்துபோகலாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் அருகில் சிகரெட் கூடாது. ஜம்பர் கேபிளின் கடைசி நெகட்டிவ் கிளிப்பை, இறந்த பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும்.

இனி இறங்காமல் இருக்க

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது போதாது. ஸ்டார்ட்டுக்குச் செலவானதை ஈடுகட்டவே அது சிரமம். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். முடியாதவர்கள், முழு சார்ஜ் ஆனதும் தானே குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரை மாட்டி வைக்கலாம். ரேடியோ குறியீடு கையில் இருந்தால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பதும் வழிதான்.

பட்டறைக்குப் போக நேர்ந்தால், இந்த நான்கு அளவுகளையும் எழுதிக்கொண்டு போனால், பழுது உள்ள பொருளை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பலாம்.