ஒரே வருடம்... இரண்டு கட்டு!

எடமலைப்பட்டி புதூரில் ஒருவர் வழுக்கி விழுந்து முழங்கை பிசகிவிட்டது என்று வையுங்கள். அவர் முன்னால் இரண்டு புத்தூர்கள்! ஒன்று, திருச்சி அரசு மருத்துவமனை இருக்கும் புத்தூர். இன்னொன்று, திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆந்திரப் புத்தூர். அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம்... ‘புத்தூர் கட்டு’ போர்டுகள்தான் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தொங்குகின்றனவே!

அந்தக் கட்டு பிறந்த வருடம் 1881. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த புத்தூர் அருகே, கேசவ ராஜு என்பவர் தொடங்கி வைத்தார். பச்சிலைச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி... அவ்வளவுதான் சரக்கு!

அதே 1881-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இன்னொருவர் கட்டைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பெயர் ரிச்சர்ட் ஃபோல்க்மான். பிரபல சர்ஜன். ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் தேவதைக் கதைகள் எழுதியவரும் இவரே! கட்டுப் பிரித்த பிறகு சிலருக்கு விரல்கள் கழுகின் நகம்போல மடங்கி, நிமிராமலே போய்விடுகின்றன. ஏன்? கட்டு இறுகி ரத்தம் நின்றுபோகிறது, பட்டினி கிடந்த தசை செத்துச் சுருங்குகிறது என்று எழுதினார் ஃபோல்க்மான். அதுவும் சில மணி நேரத்திலேயே!

இந்த ஆபத்து அதிகம் இருப்பது முழங்கையில்தான். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் மூட்டுக்கு முன்புறமாகவே ஓடுகிறது. தவிர, குழந்தைகளுக்கு மூட்டுக்கு மேலே எலும்பு முறிந்தாலும், வெளியே பார்க்கப் பிசகியது மாதிரியே இருக்கும். 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடிக்கும் வரை வைத்தியர், சர்ஜன் எல்லோருக்குமே விரல்தான் கண்!

இன்று எக்ஸ்-ரே எடுத்து, மயக்கம் கொடுத்து, மெல்ல இழுத்து மூட்டைப் பொருத்துகிறார்கள். எலும்பு முறியாத பிசகு என்றால், பெரும்பாலும் ஓரிரு வாரத்திலேயே கையை அசைக்கச் சொல்லிவிடுவார்கள். ரொம்ப நாள் கட்டியே வைத்தால் முழங்கை விறைத்துப்போகும். எண்ணெய் போட்டு உருவினாலோ, தசைக்குள் எலும்பு வளரக்கூடும்!

கட்டுப் போட்டது பெரிய டாக்டரோ, பரம்பரை வைத்தியரோ... அன்று ராத்திரி விரல்களைப் பாருங்கள். வீக்கம், நீலம், மரமரப்பு, விரலை நிமிர்த்தினால் உயிர்போகிற வலி... இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கட்டைத் தளர்த்திவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!