கற்பவர் ஒருவர், கடன்படுபவர் ஒருவர்: கல்விச் செலவும் வருமான வரியும்

பிள்ளையின் கல்லூரிச் செலவைத் தாங்குபவருக்கு வருமான வரியில் கழிவு உண்டா? இவ்வினாவுக்கு இந்தியச் சட்டம் அளித்த விடை பலமுறை மாறியுள்ளது. அதன் பின்னணியை அறியக் கர்நாடகத்தின் கட்டண வழக்குகள் துணைசெய்யும்.

கல்லூரி நன்கொடையைத் தடுக்கக் கர்நாடகம் 1984இல் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் 1989இல் வெளியான அறிவிக்கை, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், பிற கர்நாடக மாணவர்க்கு 25,000, வெளிமாநிலத்தார்க்கு 60,000 வரை எனக் கட்டணம் வகுத்தது. பெங்களூரை அடுத்த தும்கூர்க் கல்லூரி ஒன்றில் சேர முயன்ற மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில், 1992இல் உச்ச நீதிமன்றம் அவ்வேறுபாட்டைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில், பாதி இலவச இடம், பாதி கட்டண இடம் என்னும் ஏற்பாட்டை அதே நீதிமன்றம் வகுத்தது. கட்டண இடம் சட்ட ஏற்புப் பெற்றது.

1994இன் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 80இ பிரிவைச் சேர்த்தது. தன் உயர்கல்விக்காகக் கடன் பெற்றவர், அதைத் திருப்பிச் செலுத்துகையில் கழிவு கோரலாம். மகனுக்காகவோ மகளுக்காகவோ கடன்பட்ட பெற்றோருக்கு அதில் இடமில்லை. பொறியியல், மருத்துவம், மேலாண்மை முதலிய சில படிப்புகளே ஏற்கப்பட்டன.

2005இல் உச்சவரம்பு நீங்கியது. ஆனால் கழிவு வட்டிக்கு மட்டும் என்றானது. 2007இல்தான் வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிய கடன் ஏற்கப்பட்டது. 2009இல் சட்டப்படியான காப்பாளரும் சேர்க்கப்பட்டார். மேல்நிலைக் கல்விக்குப் பிந்தைய எல்லாப் படிப்புகளும் தகுதி பெற்றன. தங்கையைப் படிக்கவைக்கக் கடன்படும் அண்ணன், காப்பாளராக இருந்தாலன்றி, இவ்வட்டத்துக்கு வெளியே நின்றார்.

கடனின்றிக் கட்டணம் செலுத்திய பெற்றோருக்கு 80சி பிரிவு உதவியது. இந்தியாவில் முழுநேரம் பயிலும் இரு பிள்ளைகளின் கற்பிப்புக் கட்டணம் மட்டுமே அதில் அடங்கும். நன்கொடையும் வளர்ச்சிக் கட்டணமும் சேரா. சேமநிதி, ஆயுள் காப்பீடு முதலியவற்றோடு பகிர வேண்டிய அதன் மொத்த வரம்பு, 2014இல் ஒன்றரை லட்சம் ரூபாயானது.

2020இல் அறிமுகமான புதிய வரிமுறையில் இவ்விரு கழிவுகளும் இல்லை. 2023-24 நிதியாண்டு முதல் அதுவே இயல்பான முறை. கழிவு வேண்டுவோர் பழைய முறையைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்த விகிதம் பலருக்கு நன்மையே. எனினும், பிள்ளைக்காகக் கடன்பட்ட பெற்றோர் 13 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஏற்பு, அவர்கள் கேட்டுப் பெற்றாலன்றிக் கிட்டாததாகிவிட்டது.