ஒற்றைத் தலைவலியும் சுவீடன் நாட்டு வாள்வீச்சு ஆசிரியரும்



போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் போனில் பேசினாள். இப்போது அவளுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை கொடுத்த மருத்துவர், பிசியோதெரபிஸ்டிடமும் அனுப்பியிருக்கிறாராம். "டீச்சர், அப்போ பி.டி. பீரியட் வந்தாலே என்னைக் கிளாஸ்லயே உட்கார வச்சிடுவீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வலி வரும். நான் உட்கார வைத்தது வருடம் முழுவதும். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்ததில் பழைய வரலாறு ஒன்றைப் படிக்க நேர்ந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த நோய் மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் இதை 'ஹெமிக்ரேனியா' என்றார். பாதி மண்டை என்று பொருள். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து 'மைக்ரேன்' ஆனது. நாம் 'ஒற்றை'த் தலைவலி என்று சொல்வதும் அதே கருத்துதான்.

இனி சுவீடனுக்கு வாருங்கள். பேர் ஹென்ரிக் லிங் (1776–1839) மருத்துவர் அல்லர். லுண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு கற்பித்த ஆசிரியர், கவிஞரும்கூட. நாள்தோறும் வாள் பழகியதில் தன் உடல்நலம் தேறியதைக் கண்டார். அசைவே மருந்தாகுமா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. உடற்கூற்றியலைப் படித்தார். 1813இல் அரசின் ஆதரவோடு ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகைப் பயிற்சி, படைவீரர்களுக்கு ஒரு வகை, நோயாளிகளுக்கு ஒரு வகை என்று பிரித்தார். எந்த அசைவு, எத்தனை முறை, எவ்வளவு விசையோடு என்பதை ஆளுக்குத் தக்கபடி வகுத்தார். மருந்துக்கு அளவு இருப்பதுபோல அசைவுக்கும் அளவு உண்டு என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

மருத்துவம் படிக்காதவர் நோய்க்குச் சிகிச்சை தருவதா என்று மருத்துவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் அவர் வழி வந்தவர்களைச் சுவீடன் அரசு 1887இல் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. இன்றைய பிசியோதெரபியின் வேர்களில் இது முக்கியமான ஒன்று.

ஆனால் ஒற்றைத் தலைவலியில் ஒரு சிக்கல் இருந்தது. வலி வந்த நேரத்தில் மாடிப்படி ஏறினால்கூட அது கூடும். 1988இல் பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் நோயை இனங்காண வகுத்த அடையாளங்களில் இதுவும் ஒன்று. சிலருக்குக் கடும் உடலுழைப்பே வலியைக் கிளப்பிவிடும். ஆகவே "அசையாதே, படுத்துக்கொள்" என்பது வலி நேரத்துக்குச் சரியான அறிவுரை. அதை வலி இல்லாத நாட்களுக்கும் நீட்டியதுதான் பிழை. நான் செய்ததும் அதுதான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று அதே சுவீடனில், கோதன்பர்க் நகரில் நடந்து 2011இல் வெளிவந்தது. தலைமை ஆய்வாளர் எம்மா வர்க்கி ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒற்றைத் தலைவலி உள்ள 91 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வாரம் 3 நாள், நாளுக்கு 40 நிமிடம் உடற்பயிற்சி. அதில் 15 நிமிடம் உடலைச் சூடாக்க, 20 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி, கடைசி 5 நிமிடம் தணிக்க. இரண்டாம் குழுவுக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. மூன்றாம் குழுவுக்கு டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரை.

மூன்று மாத முடிவில் மூன்று குழுவிலும் மாதத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு முறை வலி குறைந்திருந்தது. குழுக்களுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பக்கவிளைவு இருந்தது. மற்ற இரண்டு குழுவிலும் இல்லை.

மாதம் ஒரு முறை குறைவது பெரிய அற்புதமா என்று கேட்கலாம். அந்த வலியை அனுபவித்தவர்களிடம் கேளுங்கள், ஒரு நாள் மிஞ்சுவது எவ்வளவு பெரிது என்று சொல்வார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் 91 பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். இது நோயை அடியோடு போக்கும் வழியும் அல்ல. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பயிற்சியைச் சிறிதாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். திடீரென்று இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவலி என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள், அன்று ஓய்வு கொடுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளையைக் கைபிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். அதை நான் செய்யவில்லை. அந்தப் பெண்ணிடம் போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். "போங்க டீச்சர்" என்றாள்.