யாருடைய சோறு, யாருடைய கணக்கு?
மதுரைப் பக்கத்து ஈகையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை நாம் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். மதுரைக் கலைமகள் கோயில் முன்னால் கிடந்த அநாதைப் பையன், பிச்சையெடுத்த சோற்றைக் கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றவன், ஒரு மழை இரவில் சிந்தாதேவியிடமிருந்து அமுதசுரபியைப் பெற்றான். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். மறுபாதிதான் முக்கியம். இந்திரன் வந்து வரம் வேண்டுமா என்கிறான். பையன் சிரிக்கிறான். கோபம் கொண்ட இந்திரன் பழி வாங்கியது எப்படியென்றால், பாண்டிய நாட்டில் மழையைப் பெய்யவைத்து! ஊர் செழித்துவிட்டது. சோறு வாங்க ஆளில்லை. பசித்தவர்கள் கூடிய அம்பலத்தில் வெட்டிப்பேச்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். 'சாப்பிட யாராவது இருக்கிறீர்களா' என்று ஊர் ஊராகக் கேட்டுப் போன ஆபுத்திரனைப் பார்த்து சனங்கள் சிரித்தார்கள். கடைசியில் கப்பலேறி, மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் போட்டுவிட்டு உண்ணாமலிருந்து செத்துப்போனான்.

கொடை பற்றி மார்செல் மாஸ் 1925-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பதில் எதிர்பார்க்காத கொடை என்று ஒன்று கிடையாது என்று வாதிடுவது. சாத்தனார் வேறு பக்கமிருந்து வருகிறார். வாங்குகிறவனின் பசிதான் கொடுக்கிறவனை உண்டாக்குகிறது, அது தீர்ந்த நாளில் கொடையாளிக்கு இருப்பில்லை என்கிறார். பௌத்தக் காப்பியத்தை இப்படி வாசிப்பது அத்துமீறலாகச் சிலருக்குப் படலாம். ஆனால் மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல், வைகைச் சமவெளியிலும் சோறு போட்டவர்களின் வரலாற்றைப் பார்க்கும்போது இந்தக் கதை திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. சோற்றைப் போட்டவர் யார் என்பது மட்டும் கேள்வியல்ல. வாங்கியவர் 'இன்னும் கொஞ்சம்' என்றோ, 'ஏன் குறைந்தது' என்றோ கேட்க முடிந்ததா என்பதே கேள்வி.

சத்திரத்தில் அப்படிக் கேட்க முடியாது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பேரனுக்காக ஆட்சி நடத்தியவர் ராணி மங்கம்மாள். தென்பாண்டிச் சாலைகளிலும் சத்திரங்களிலும் அவர் பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் அரசியுடையது. மானியமாக விடப்பட்ட நிலத்தில் உழுதவன், நெல் குத்தியவள், தண்ணீர் சேந்தியவள் பெயர்கள் எதிலும் இல்லை. பல சத்திரங்களில் பிராமணருக்குத் தனிப் பந்தி, மற்றவருக்கு வேறிடம், சிலருக்கு வாசலுக்கு வெளியே. தர்மம் என்ற சொல்லுக்குள்ளேயே இந்த வரிசை அடங்கியிருந்தது. புண்ணியம் கொடுத்தவர் கணக்கில் ஏறியது, அந்தக் கணக்கைப் பார்க்கும் அதிகாரி மேலோகத்தில் இருந்தார்.

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தூத்துக்குடிவரை போய்விட்டது. ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது போலவே கொண்டுபோகவும் செய்தது. விலை ஏறிய இடத்துக்கு நெல் போகும், சனங்களும் போனார்கள், பல்லாயிரம் பேர் தூத்துக்குடி, பாம்பன் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு. நிவாரண வேலையில் கல்லுடைப்பவனுக்கு எவ்வளவு சோறு போதும் என்று 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உயிரோடு இருக்கவே போதாது என்று எண்களை வைத்தே சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை உயர்த்தவேண்டியதாயிற்று. பசி இங்கே முதல்முறையாக எடைபோட்டு, அட்டவணை போட்டு, ஆளுகைக்குரிய ஒரு பொருளாகிறது. ஃபூக்கோ வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்த ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் போட்டு இங்கிலாந்தின் நகர மேயர்களிடம் கையேந்தினார்கள். வைஸ்ராய் லிட்டனின் அரசுக்கு இது பிடிக்கவில்லை. தனியார் தர்மம் அரசின் கணக்கைக் குழப்பும் என்பது அதன் கவலை. லண்டனிலும் லங்காஷயரிலும் ஆஸ்திரேலியக் காலனிகளிலும் திரண்ட பணம் ஏறத்தாழ 78 லட்சம் ரூபாய். நிதிக் குழுவின் செயலாளர் வில்லியம் டிக்பி பிறகு இரண்டு தொகுதிகளில் அதன் வரலாற்றை எழுதினார். பணம் மாவட்டங்களுக்கு இறங்கியபோது, கலெக்டர் கச்சேரிக்காரர்கள், பாதிரிமார்கள், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்த கமிட்டிகள் அதைப் பங்கிட்டன: விதை நெல், உழவு மாடு, கூரை, துணி. 'உள்ளூர்ப் பங்கேற்பு' என்று இன்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவதன் கொள்ளுத்தாத்தா இந்தக் கமிட்டிதான். அதில் ஒரு குடியானவனுக்கு மாடு வாங்கப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்தவர்களில் அவனுக்குக் கடன் கொடுத்திருந்தவரும் இருந்திருக்கலாம் என்பதை யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இதே பஞ்சத்தில்தான் குஞ்சரத்தம்மாள் வருகிறார். மதுரையின் வாய்மொழி நினைவில் கிடந்து, சு. வெங்கடேசன் எழுதிய பிறகு இன்று பலருக்கும் தெரிந்துவிட்ட பெயர். வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கம் வசதியாக வாழ்ந்த தாசி. பஞ்சம் முற்றியபோது வாசலில் அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தவர், நகையை விற்று, பாத்திரத்தை விற்று, வீட்டை விற்று, ஒன்றுமில்லாமல் ஆகிச் செத்துப்போனார். இறுதி ஊர்வலத்தில் மதுரையே திரண்டது என்பார்கள். கதையின் ஒவ்வொரு விவரத்தையும் ஆவணத்தில் தேடிக்கொண்டிருப்பது இங்கு என் நோக்கமல்ல. சனங்கள் எதை நினைவில் வைக்கத் தேர்ந்துகொண்டார்கள் என்பதே பேசுகிறது.

இரண்டு சங்கதிகள். ஒன்று, அந்தக் காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு விற்பதற்கென்று தன் பெயரில் என்ன இருந்தது? தாசி மரபுப் பெண்களுக்குத்தான் சொத்தை வைத்திருக்கவும் தன் இஷ்டத்துக்குக் கைமாற்றவும் உரிமை இருந்தது. ஒழுக்கத்தின் வெளியே நிறுத்தப்பட்டிருந்ததாலேயே அவரால் கொடுக்க முடிந்தது. இரண்டு, அரசி சத்திரம் கட்டிய பிறகும் அரசிதான். குஞ்சரத்தம்மாளோ கொடுத்து முடித்தபோது வரிசையில் நின்றவர்களில் ஒருவராகிவிட்டார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவிலிருந்த வாசற்படி கரைந்துவிட்டது. ஆபுத்திரன் கதை இங்கே தலைகீழாகிறது: உண்பவர் தீரவில்லை, ஊட்டியவர் தீர்ந்தார். இதை வைத்து ஓர் ஏற்பாட்டைக் கட்ட முடியாது என்பதும் உண்மை. அடுத்த பஞ்சத்துக்கு இன்னொரு குஞ்சரத்தம்மாளுக்கு எங்கே போவது?

ஏற்பாட்டைக் கட்டியவர்கள் மதுரைக்குத் தெற்கே இருந்தார்கள். திருமங்கலம், சாத்தங்குடி, விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் வண்டிப் பேட்டை போட்டு வியாபாரம் செய்த நாடார்களின் மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி தன் சரக்கின் மேல் தானே போட்டுக்கொண்ட வரி. அது உறவின்முறைப் பொதுநிதிக்குப் போனது. பேட்டை, கிணறு, பத்திரகாளியம்மன் கோயில், பிறகு பள்ளிக்கூடம். விருதுபட்டியில் 1880களில் எழுந்த சத்திரிய வித்தியாசாலைக்கு மகமை போதாமல் பிடி அரிசியும் சேர்ந்தது. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடவேண்டும், பள்ளிக்கூடத்து ஆள் வந்து வாங்கிப்போவார். 'இன்னைக்கு வீட்ல ஒண்ணுமில்ல' என்று சொல்வது லேசான காரியமில்லை. அக்கம்பக்கத்துக் காது கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஒரு பிடியில் சத்திரத்திலும் பஞ்சக் கமிட்டியிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. கொடுக்கிற வீட்டுப் பிள்ளைதான் அந்தப் பெஞ்சில் உட்காருகிறது. கணக்கு மேலோகத்துக்கோ லண்டனுக்கோ போகவில்லை, உறவின்முறைக் கூட்டத்துக்கு வந்தது. அங்கே ஒருத்தர் எழுந்து 'இந்தச் செலவு எதுக்கு?' என்று கேட்கலாம். கேட்டார்கள். கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1897-ல் கமுதி கோயிலில் நுழைந்ததற்காக வழக்கைச் சந்தித்து, 1899-ல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்து, 1908-ல் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்ற ஒரு சமூகம், இரண்டே ஆண்டில், 1910-ல், மகாஜன சங்கம் தொடங்குகிறது. தோற்பதற்கும் பணம் வேண்டும். பொதுநிதி இருந்ததால் தோல்வியைத் தாங்க முடிந்தது.

இந்த இடத்தில் நாம் சந்தோஷப்பட்டு நின்றுவிடக்கூடாது. 'பொது' என்றால் யாருக்குப் பொது? மகமையின் வேலி சாதி. பிடி அரிசி போடும் வீடுகளுக்கு வெளியே, அதே ஊரில், பறையர், சக்கிலியர் குடியிருப்புகள் இருந்தன. பள்ளிக்கூடக் கதவு பிற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்ததுண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை பெஞ்சோடு சேர்ந்து வரவில்லை. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் வெடித்ததும் இதுதான். பொது நன்கொடையில், காங்கிரஸ் பணத்தில் நடந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. பணம் கொடுத்த பிராமணரல்லாதார் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள். பணம் கொடுக்க வழியில்லாதவன் எந்தச் சட்டையைப் பிடிப்பது?

பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் ஒருவன் 1954-ல் முதலமைச்சரானான். காமராசரின் மதிய உணவுத் திட்டத்தை ஒரு தனிமனிதரின் கருணையாகவே நமது மேடைகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எட்டயபுரம் பக்கம் 1956-ல் தொடங்கியபோது அது முழு அரசுத் திட்டமே அல்ல. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு, அதில் ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு அந்த நாலு காசைத் திரட்டினார். விருதுபட்டிப் பானையை மாகாணம் முழுக்க வைத்தார்கள் என்று சொல்லலாம், இம்முறை சாதி வேலியைக் கழற்றிவிட்டு. (1920-ல் நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, சில ஆண்டுகளில் காலனிய அரசு செலவை ஏற்க மறுத்ததால் நின்றுபோனதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.) 1961 முதல் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு பால் பவுடரும் தானியமும் தந்தது. தொண்ணூறுகளில் நம்மில் பலர் தன்னார்வக் குழுக்களின் அந்நியப் பணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த உப்புமாவில் வளர்ந்தவர்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

ஊரின் நாலு காசில் ஒரு பலவீனம் இருந்தது. ஊர் கொடுக்காவிட்டால் அடுப்பு எரியாது, வறண்ட ஊர்தான் கொடுக்க முடியாத ஊரும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுச் செலவை முழுதாக எடுத்துக்கொண்டபோது இந்தச் சிக்கல் தீர்ந்தது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம், சமைத்த மதிய உணவை நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அன்றிலிருந்து தட்டோடு நிற்கிற பிள்ளை சட்டப்படி கேட்கிறவன், கேட்கிறவள். ஆபுத்திரனுக்கு நேர்ந்தது இங்கே நேராது, உரிமைக்குக் கொடையாளி தேவையில்லை.

ஆனால் சமைக்கிறவர்? சத்துணவு மையங்களில் ஏராளமான பெண்கள், விதவைகளும் கைவிடப்பட்டவர்களும், வேலைக்கு வந்தார்கள். அது பெரிய காரியம். அவர்கள் பல பத்தாண்டுகளாகக் காலமுறை ஊதியம், ஓய்வூதியம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்துகொண்டிருப்பதும் அதே வரலாறுதான். அங்கன்வாடியில் மத்திய அரசு தருவதற்குப் பெயர் ஊதியமல்ல, 'மதிப்பூதியம்'. அவர்கள் தொண்டர்களாம். தொண்டு என்ற சொல் சத்திரத்து அடுப்படியிலிருந்து நேராக அரசாணைக்குள் நடந்து வந்திருக்கிறது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல்வரை ஆகிவிட்டது. பந்தியின் பழைய வரிசையும் போய்விடவில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் சமைக்க வந்தவர் தலித் பெண் என்பதற்காகப் பெற்றோர்கள் தடுத்தார்கள். பிள்ளையின் உரிமை சட்டத்தில் ஏறிவிட்டது, சோற்றைத் தொடும் கை மட்டும் இன்னும் ஊரின் கணக்கில் இருக்கிறது.

2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. அமுதசுரபி கிடைத்த ஊரில். சென்னையில் சில ஆண்டுகளுக்கு முன் காலை உணவை ஒரு சமய அறக்கட்டளையிடம் விட்டபோது, வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையல் யாருடைய ருசி என்ற கேள்வி எழுந்திருந்தது. இம்முறை அடுப்பு மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் போனது, உப்புமாவில் வெங்காயம் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற பெயரில், அரசுப் பள்ளிகளுக்கு நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் ஊராரும் கொடுக்க முன்வரவேண்டும் என்று அதே அரசு அழைப்பு விடுத்தது. கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். விருதுபட்டிக் கூட்டத்தில் கணக்கைப் படிப்பதற்கு ஒரு நாள் இருந்தது, கேட்பதற்கு ஆளும் இருந்தார்கள். விடிகாலையில் எழுந்து நூறு பிள்ளைகளுக்குக் கிச்சடி கிளறப்போகும் குழுப் பெண்ணை அப்படி ஒரு கூட்டத்துக்கு யார் கூப்பிடுவார்கள், அவர் எழுந்து எதைக் கேட்பார்?