ஜினீவாவின் பெயர்ச் சீட்டுகள்

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குப் பெயர் படுத்தும் பாடு புதிதன்று. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் இட்டு எழுதும் நம் வழக்கம் டில்லியிலோ மும்பையிலோ உள்ள குமாஸ்தாவுக்கு எளிதில் விளங்குவதில்லை. குடும்பப் பெயர் எங்கே என்று அவர் கேட்கிறார். கடைசியில் ஊரின் பெயரோ தந்தையின் பெயரோ நம் பெயராகிவிடுகிறது. ரேஷன் அட்டையில் ஒருவராகவும் வங்கிப் புத்தகத்தில் வேறொருவராகவும் காட்சி தருகிறோம். நமக்கு இது சிரிப்பும் சிரமமும் கலந்த அனுபவம். ஆனால் ஒரு பெயரைப் பிழையாக எழுதினால், உயிரோடிருக்கும் மகனுக்காகத் தாய் துக்கம் காக்க நேரிடும் என்ற நிலையும் சரித்திரத்தில் உண்டு. அந்நிலையில் எழுதுகோல் பிடித்த தொண்டர்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

துயர் துடைக்கும் தொண்டு என்றவுடன் காயத்துக்குக் கட்டுப் போடும் கையும், பசித்தவருக்குக் கஞ்சி வார்க்கும் கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. செஞ்சிலுவை இயக்கமும் அப்படித்தான் பிறந்தது. 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இத்தாலியிலுள்ள சோல்பெரினோவில் நடந்த போருக்குப்பின், கேட்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டு உள்ளம் நைந்தவர் ஹென்றி டூனாண்ட். அவருடைய முயற்சியின் பயனாக 1863-இல் ஜினீவா நகரில் ஐவர் கொண்ட கமிட்டி ஒன்று அமைந்தது. அதுவே பின்னர் சர்வதேசச் செஞ்சிலுவைக் கமிட்டி ஆயிற்று.

1914-இல் முதல் உலக மகாயுத்தம் மூண்டபோது அக்கமிட்டியின் முன் வேறொரு துயரம் வந்து நின்றது. லட்சக்கணக்கான வீரர்கள் போர்முனைக்குச் சென்றனர். அவர்களுள் பலரைப் பற்றிச் செய்தியே இல்லை. மாண்டனரா, சிறைப்பட்டனரா என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. சிறைப்பட்டோரைப் பற்றி விசாரிப்பதற்கு ஒவ்வோர் அரசும் ஒரு காரியாலயம் வைக்க வேண்டும் என்று 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை விதித்திருந்தது. ஆயினும் பகைவர் இருவருக்கிடையே பட்டியல்களை வாங்கிக் கொடுக்க நடுவர் ஒருவர் வேண்டுமல்லவா? அப்பணிக்காக 1914 ஆகஸ்டில் ஜினீவாவில் சர்வதேசப் போர்க்கைதிகள் விசாரணை நிலையம் தொடங்கப்பட்டது. சிலரைக் கொண்டு தொடங்கிய நிலையம் விரைவில் ராத் கலைக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. சித்திரங்களைக் கண்டு களிக்கும் கூடங்களில் மேசைகளும் சீட்டுப் பெட்டிகளும் நிரம்பின. ஏறக்குறைய 3,000 பேர் அங்கே தொண்டாற்றினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்கள் செய்த வேலை என்ன? வீட்டார் எழுதும் கடிதத்தைப் படித்து, தேடப்படுபவரின் பெயர், படைப்பிரிவு, எண் முதலியவற்றை ஒரு சீட்டில் எழுதுவார்கள். சிறை முகாம்களிலிருந்து வரும் பட்டியலில் கண்ட ஒவ்வொரு பெயரையும் வேறொரு சீட்டில் எழுதுவார்கள். பின்னர் இரண்டையும் அகரவரிசையில் சேர்ப்பார்கள். தாயின் கேள்வியைத் தாங்கிய சீட்டும் முகாமின் விடையைத் தாங்கிய சீட்டும் பெட்டிக்குள் ஒன்றையொன்று சந்திக்கும் கணமே அவர்கள் காத்திருந்த கணம். அதன்பின் வீட்டுக்குக் கடிதம் போகும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலை எளிதன்று. ஒரே பெயருடையோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். எழுத்து ஒன்று மாறினால் சீட்டு வேறு பெட்டிக்குப் போய்விடும். ஊகித்து விடை எழுதலாகாது. இரக்க மிகுதியால் நம்பிக்கை ஊட்டவும் கூடாது. சில நாட்களில் சீட்டுகள் இரண்டும் சந்திக்கும், ஆனால் விடையாக வருவது மரணச் செய்தியாக இருக்கும். அதையும் ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

அத்தொண்டர்களுள் ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து. காந்தியடிகள், ராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளைப் பிற்காலத்தில் எழுதி நம் நாட்டவரின் அன்பைப் பெற்றவர். 1914 அக்டோபர் முதல் பல மாதங்கள், டாக்டர் பெரியேர் நடத்திய பிரிவில் அவர் வேலை செய்தார். அது படைவீரரல்லாத குடிமக்களைத் தேடும் பிரிவு. அத்தகையோருக்கு அந்நாளைய ஜினீவா உடன்படிக்கையில் பாதுகாப்பு இல்லை. சட்டத்தில் இடமில்லை என்று கைவிடாமல், வந்த கடிதங்களுக்கு விடை தேடினார் பெரியேர். போர் வெறியைக் கண்டித்ததற்காகத் தாய்நாட்டில் தூற்றப்பட்ட ரோலந்து, பெருங்கட்டுரைகள் எழுதிய அதே கையால் அங்கே விசாரணைக் கடிதங்களுக்குப் பதில் எழுதினார்.

இக்கதை ஐரோப்பாவோடு முடியவில்லை. 1916 ஏப்ரல் 29-இல் மெசொப்பொத்தேமியாவிலுள்ள கூத் நகரம் வீழ்ந்தபோது துருக்கியரிடம் சிறைப்பட்டோர் சுமார் 13,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். துருக்கி வீரர்களோ இந்தியாவிலும் பர்மாவிலும் சிறையிருந்தனர். 1917-இல் செஞ்சிலுவைக் கமிட்டியின் பிரதிநிதிகள் இங்கு வந்து அம்முகாம்களைப் பார்வையிட்டனர். அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரியின் முகாமும் அவற்றுள் ஒன்று. நம் வீட்டுப் பிள்ளையை அயலான் எப்படி நடத்துகிறான் என்று கேட்பதற்கு, அயலான் பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம் என்று காட்ட வேண்டும். இருபுறமும் ஒரே அளவுகோல் என்பதே அவ்வேலையின் உயிர்நிலை.

1917-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு செஞ்சிலுவைக் கமிட்டிக்கு அளிக்கப்பட்டது. யுத்த ஆண்டுகளில் வழங்கப்பட்ட சமாதானப் பரிசு அது ஒன்றே. அறுபது எழுபது லட்சம் என்று கணக்கிடப்படும் அந்தச் சீட்டுகள் இன்றும் ஜினீவாவில் உள்ளன. 2007-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2014 முதல் அவற்றை எவரும் இணையத்தில் காணலாம்.

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்த்துக் காலங்கழிக்கும் எம்போன்றோர்க்கு அச்சீட்டுகள் ஒரு பாடம் புகட்டுகின்றன. காரியாலய மேசையில் நாம் எழுதுவது வெறும் காகிதம் என்ற சலிப்பு எங்களுக்கும் வருவதுண்டு. ஆனால் அன்பு என்பது கண்ணீராக மட்டும் வெளிப்படுவதில்லை. முன்பின் அறியாத ஒருவரின் பெயரைப் பிழையின்றி எழுதி, அது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பதும் அன்புதான். அடுத்த முறை நம் முன்னே ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போது, அதைத் திரும்ப ஒருமுறை கேட்டுச் சரியாக எழுதுவோமாக.