கன்னான் பட்டறையும் அணுக்களின் அடுக்கும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடக்கின்றது. 1880 ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்டபோது, தண்டவாளங்களும் இயந்திரங்களும் கடல் கடந்து வந்திறங்கின. தோட்டத் துரைமாரின் கோப்பிக்காகவே பாதை போடப்பட்டது. கோப்பியையோ அவ்வேளை இலைநோய் அழித்துக்கொண்டிருந்தது. அது கிடக்கட்டும். இரும்பையே இறக்குமதி செய்த இந்நாடு ஒரு காலத்தில் உருக்கு வார்த்த நாடு என்பதையே நாம் இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

சமனலவெவப் பகுதியில் கில்லியன் ஜுலெஃப் என்ற தொல்லியல் அறிஞர் ஆராய்ந்த உலைகள் கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையானவை. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்த அவை, துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றாலேயே எரிந்தன. 1994 இல் அத்தகைய உலையொன்றைக் கட்டி இரும்பு உருக்கியும் காட்டினர். கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி, மண் மூசையில் இரும்பையும் மரத்துண்டுகளையும் அடைத்து உருக்காக்கும் முறையை எஞ்சிய சில தொழிலாளரிடமிருந்து அறிந்து, 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் பதிந்தார். மலிவான இறக்குமதி இரும்பின் முன் அவர்களது உலைகள் அதற்குள் பெரும்பாலும் அவிந்துவிட்டிருந்தன.

இவ்வுருக்கின் இனமான இந்திய உருக்கை 1819 அளவில் லண்டனில் ஆராய்ந்தவர் மைக்கேல் பரடே. அவரும் கொல்லனின் மகனே. அதன் சிறப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் கண்ட விடை பிழையானது. அணுவின் உள்ளமைப்பு அறியப்படாத காலத்தில் வேறெப்படி இருக்கும்?

1897 இல் இலத்திரன் கண்டறியப்பட்டது. மூன்று ஆண்டுகளில் துரூட் என்பவர், உலோகத்தினுள் இலத்திரன்கள் தனியொரு அணுவுக்கும் கட்டுப்படாது உலவுகின்றன என்றார். மின்சாரமும் வெப்பமும் உலோகத்தில் எளிதிற் பாய்வதும் பளபளப்பும் இதனாலேயே. 1912 க்குப் பின் எக்ஸ் கதிர்கள் அணுக்களின் ஒழுங்கான அடுக்கையும் காட்டின. உப்புக்கல்லைச் சுத்தியலால் அடித்தால் நொறுங்குகின்றது. அடுக்கு வழுக்கியதும் ஒத்த மின்னேற்றங்கள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன. செம்பிலோ அடுக்கு வழுக்கினாலும் உலவும் இலத்திரன்கள் அணுக்களைப் பிணைத்தே வைத்திருக்கின்றன. ஆகவே அது தகடாகின்றது.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடு தோன்றிற்று. முழு அடுக்கும் ஒரேயடியாக வழுக்க வேண்டுமாயின் தேவைப்படும் விசையை 1926 இல் பிரெங்கல் கணித்தார். உண்மையான உலோகமோ அதனிலும் பன்மடங்கு சிறிய விசைக்கே வளைந்தது. 1934 இல் டெய்லர், ஒரோவான், பொலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர்: அடுக்கில் குறைகள் உள்ளன, அக்குறைகளே நகர்கின்றன. விரித்த பெரிய பாயை ஒரேயடியாக இழுப்பது கடினம். ஓர் ஓரத்தில் மடிப்பு உண்டாக்கி அதனை மறு ஓரம்வரை தள்ளினால் பாய் எளிதில் இடம் பெயரும்.

இனிக் கண்டியை அடுத்த பிலிமத்தலாவைப் பித்தளைப் பட்டறைகளை நோக்குவோம். தகட்டை அடிக்க அடிக்க அது இறுகுகின்றது. மேலும் அடித்தால் வெடிக்கும். ஆதலால் கைவினைஞர் அதனை நெருப்பிலிட்டு இளக்கி மீண்டும் அடிக்கின்றனர். அடி விழும்தோறும் மடிப்புகள் பெருகி ஒன்றையொன்று மறிக்கின்றன, இறுக்கம் அதுதான். வெப்பத்தில் புதிய பளிங்கு மணிகள் வளர, அச்சிக்கல் நீங்குகின்றது. உருக்கிலோ இரும்பின் அடுக்கிடையே நுழையும் சிறிய காபன் அணுக்கள் மடிப்பின் நகர்வைத் தடுக்கின்றன. மூசையிலிட்ட மரத்துண்டு ஈந்தது அக்காபனையே.

நம் முன்னோர் அணுவை அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது வெறும் பேச்சு. அவர்கள் அறிந்தது நெருப்பின் நிறத்தையும் சுத்தியலின் ஒலியையும். அது சிறிய அறிவன்று. ஆயினும் சாதி அவ்வறிவைப் பட்டறைக்குள்ளேயே அடைத்தது. ஏடெழுதியோர் கொல்லனுடன் அமர்ந்து பேசவில்லை. குடியேற்ற ஆட்சி உலையையும் அவித்தது. இன்றும் நம் மாணவர், 'உலோகம் தகடாக அடிக்கத்தக்கது' என்று மனனம் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். பிலிமத்தலாவையோ கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவில்தான் இருக்கின்றது.