புற்றுநோயின் மூலக்கூறு அடிப்படையும் இலக்கு மருந்துகளும்: சித்தூர், திருப்பதி, வேலூர் வட்டாரம்

புற்றுநோய் உயிரணுவின் டி.என்.ஏ.வில் சேரும் பிழைகளால் தொடங்குகிறது. பிழைபட்ட மரபணு பிழைபட்ட புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதம் உயிரணுவை ஓயாமல் பெருக வைக்கும். அல்லது உயிரணுவை முதிரவும் மடியவும் விடாது. இந்தப் புரதத்தையே தேடிப்பிடித்து முடக்குவது இலக்கு மருந்து. வழக்கமான கீமோதெரபி வேகமாகப் பெருகும் எந்த உயிரணுவையும் அழிக்கும். முடிவேரும் வாயின் உட்தோலும் அப்படிப் பெருகுபவை என்பதால்தான் கீமோவில் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது.

பெரும்பாலான புற்றுகளுக்கு ஒரு பிழை போதாது. வளரச் சொல்லும் ராஸ் போன்ற மரபணுக்கள் அடங்காமல் இயங்க வேண்டும், டி.என்.ஏ. சேதமானால் உயிரணுவை நிறுத்தும் பி53 போன்ற காவல் மரபணுக்களும் செயலிழக்க வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மெல்லும் புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் வாயின் உயிரணுக்களில் நேரடியாக டி.என்.ஏ.வைக் கெடுக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் வழி வேறு: அதன் இ6 என்னும் புரதம் பி53 புரதத்தைப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது.

சில ரத்தப் புற்றுகளில் மட்டும் ஒரே பெரிய பிழைதான் நோயை நடத்துகிறது. இலக்கு மருத்துவம் முதலில் வென்றதும் அங்கேதான்.

நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியாவில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் நுனித் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் பிலடெல்ஃபியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டனர். அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற கலப்பு மரபணு பிறக்கிறது. அதன் புரதம் ஒரு கைனேஸ் நொதி; உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களில் ஒட்டி, பெருகுமாறு ஏவிக்கொண்டே இருக்கும். 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும். மண்ணீரல் வீங்கி இடப்பக்க விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். நான்கு வாய் சோறு உண்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டது என்று நோயாளி தட்டைத் தள்ளுவது இதனால்தான்.

இமாட்டினிப் மாத்திரை அந்த நொதியில் ஏ.டி.பி. அமரும் குழிவில் போய் அமர்ந்துவிடுகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது, வழக்கமாக 400 மி.கி., நாளுக்கு ஒரு வேளை, உணவோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டியது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் பயன் குறையும். நொதியின் 315ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலியூசின் வந்துவிட்டால் குழிவு அடைபட்டு மருந்து நுழையாது. அப்போது பொனாட்டினிப் போன்ற வேறு மருந்து தேவை.

இந்த மாத்திரையின் விலை வரலாறு நமக்கு மிக அருகில் நடந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் இதன் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரியது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அது மறுக்கப்பட்டது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவத்துக்குக் கூடுதல் பலன் இல்லாவிட்டால் காப்புரிமை தராத, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் காப்புரிமைக் கோரிக்கையை முடிவாக மறுத்தது. மாதம் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயாக இருந்த மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டியிருக்கக்கூடிய மாத்திரைக்கு இந்த விலை வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

திடக்கட்டிகளில் வெற்றி இவ்வளவு முழுமையாக இல்லை. மார்பகப் புற்றில் ஹெர்2 புரதம் மிகுந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாப், நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் என்று சோதித்துப் பார்த்தே தர வேண்டும். பிழை இல்லாதவருக்கு இவற்றால் பலனில்லை.

இனி, இந்தச் சிகிச்சைகளுக்கு நம் வட்டாரத்தார் செல்லும் இடங்கள். சித்தூர் மாவட்டம் பழைய வட ஆற்காட்டின் பகுதிகளையும் சேர்த்து 1911இல் உருவானது. அதிலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் துணையோடு 1993 முதல் ஸ்விம்ஸ் மருத்துவமனை இயங்குகிறது. தேவஸ்தானம் தந்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகள் எழுப்பிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவ, உயராய்வு மையம் அலிபிரி பக்கம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சித்தூர்க்காரர்களுக்கோ 35 கி.மீ. தொலைவில் வேலூர் இருக்கிறது. இடையில் மாநில எல்லை ஓடினாலும் மருத்துவத்துக்கு அவர்கள் காலங்காலமாக அங்கே போய்வருகிறார்கள்.

அந்த வேலூரில் இந்தத் துறைக்கே ஒரு புதிய வழி கிடைத்தது. அது மிக மெல்லப் பேசப்படுகிறது என்பது வருத்தம். கடும் புரோமைலோசைட்டிக் லுக்கீமியாவில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பி.எம்.எல்.-ஆர்.ஏ.ஆர்.ஏ. என்ற கலப்புப் புரதத்தைத் தருகின்றன. வைட்டமின் ஏ.யின் சமிக்ஞையை அது மறித்துவிடுவதால் வெள்ளையணுக்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. ஆர்செனிக் டிரையாக்சைடு, அதாவது நம் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த பொருள், அந்தப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியைப் பற்றி உயிரணுவின் சிதைப்புக் கூடத்துக்கு அனுப்புகிறது. இந்த நோய்க்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மாம்மன் சாண்டி, விக்ரம் மாத்யூஸ் ஆகியோரின் குழு 1998 முதல் 2004 வரை புதிதாக வந்த 72 நோயாளிகளுக்குக் கீமோ மருந்துகளைப் பின்னுக்குத் தள்ளி, ஆர்செனிக்கையே முதன்மை மருந்தாகக் கொடுத்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., நரம்பு வழியாக. 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. முடிவுகள் 2006இல் ‘பிளட்’ ஆய்விதழில் வந்தன. ஆர்செனிக் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பக்கூடும் என்பதால் இ.சி.ஜி.யும் பொட்டாசியமும் அடிக்கடி பார்க்கப்படும்.

இந்நோயில் ஆபத்து முதல் சில நாட்களில்தான். ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் நீலத்திட்டு தோன்றும். மூளையில் கசிந்தால் உயிர் போகும். ஆகவே நுண்ணோக்கியின் கீழே ரத்தப்படலத்தில் அந்த உயிரணுக்களைக் கண்டு ஐயம் வந்த உடனேயே, மரபணு அறிக்கைக்குக் காத்திராமல், வைட்டமின் ஏ. வழிவந்த மாத்திரையை மருத்துவர்கள் அன்றே தொடங்கிவிடுகிறார்கள்.